பக்கத்து வளவின் பற்றையும் குப்பையும்: யாழ்ப்பாணத்தில் சபையைச் செயற்பட வைப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு வளவாவது கண்ணில் படும். துருப்பிடித்த படலையில் பூட்டு மட்டும் புதிதாக இருக்கும். உள்ளே ஆள் உயரப் பற்றை, கூரை போன வீடு, அதன் சுவர் வெடிப்பில் வேர்விட்ட ஆலங்கன்று. மதிலோரம் ஊரார் இரவில் வீசிவிட்டுப் போன பொலித்தீன் பைகள். உரிமையாளர் ரொறன்ரோவில் இருக்கிறார் என்பார்கள், இல்லை இலண்டன் என்பார்கள். அவர் காலமாகிப் பத்து வருடம் என்று மூன்றாவது ஆள் சொல்வார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. மூன்று வருடம் வாயால் முறையிட்டேன். உள்ளூராட்சி சபைக்கு வரி கட்டப் போகும்போதெல்லாம் சொன்னேன். வட்டார உறுப்பினரைக் கோயில் வாசலில் கண்டபோது சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில், சபையொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் விளங்கப்படுத்தினார்: “தம்பி, நீர் சொன்னது எதுவும் அங்கே இல்லை. கோப்பில் இருப்பதுதான் அங்கே இருக்கிறது.” அவர் சொல்லித்தந்த வழியையும் பிறகு நானே பட்டுத் தெரிந்தவற்றையும் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் பற்றையை விடுங்கள், பெயரைத் தேடுங்கள்

பெரும்பாலான முறைப்பாடுகள் செத்துப்போவது இந்த இடத்தில்தான். சபையோ சுகாதாரப் பரிசோதகரோ துப்புரவு செய்யும்படி அறிவித்தல் கொடுப்பதென்றால், அதை வாங்க ஒரு கை வேண்டும். ‘உரிமையாளர், இல. 42, பின் ஒழுங்கை’ என்று எழுதிப் படலையில் ஒட்டிய தாள் அடுத்த மழையில் கரைந்துவிடும். ஆகவே நீங்கள் முறையிடும்போதே ஒரு பெயரையும் ஒரு முகவரியையும் சேர்த்துக் கொடுத்தால், உங்கள் கடிதம் மற்றக் கடிதங்களுக்கு மேலே ஏறிவிடும்.

தேடுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. சபையின் ஆதன வரிப் பதிவேட்டில் ஒவ்வொரு ஆதனத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். ஊரில் இன்னும் சோலைவரி என்று சொல்வார்களே, அந்த வரிதான். அந்தப் பெயர் பழையதாக இருக்கலாம், தாத்தாவின் பெயராகக்கூட இருக்கலாம். ஆனாலும் ஒரு நூல் கிடைத்துவிடும். அடுத்தவர் கிராம அலுவலர். ஆள் எங்கே, பிள்ளைகள் எங்கே, யார் வந்து தேங்காய் பிடுங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவது காணிப் பதிவகம். உறுதி இலக்கமோ பதிவு மடல் விபரமோ கையில் இருந்தால் அங்கே தேடுதல் செய்யலாம், இல்லாவிட்டால் அலைச்சல்தான்.

இந்த மூன்றையும் விட விரைவானது தேங்காய் பிடுங்க வருபவரைக் கேட்பது. வளவில் ஆள் இல்லை என்றாலும் வருமானம் இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் பொறுப்பாக இருப்பார். உரிமையாளருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரமான அற்றோர்ணித் தத்துவம் அவரிடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சட்டம் உரிமையாளரை மட்டுமன்றி, காணியைத் தன் கைவசம் வைத்திருக்கும் இருப்பாட்சியாளரையும் பொறுப்பாக்குகிறது என்பதால், உள்ளூரில் இருக்கும் அந்த ஒருவர் கனடாவில் இருக்கும் ஐந்து பங்காளிகளை விடப் பெறுமதியானவர்.

எந்தக் கதவு?

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் உண்டு: ஒரு மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி ஆகிய மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். உங்கள் வீடு எந்தச் சபைக்குள் என்பது தெரிந்ததுதானே என்று நினைக்காதீர்கள். சாவகச்சேரியில் நகர சபையும் இருக்கிறது, பிரதேச சபையும் இருக்கிறது. பருத்தித்துறையிலும் அப்படித்தான். யாழ். மாநகர எல்லையும் நல்லூர்ப் பிரதேச சபை எல்லையும் சந்திக்கும் இடங்களில் வீதியின் இந்தப் பக்கம் ஒரு சபை, அந்தப் பக்கம் இன்னொரு சபை. வரித்துண்டைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடிதத்தை மாநகர சபையென்றால் ஆணையாளருக்கும், நகர சபை, பிரதேச சபையென்றால் செயலாளருக்கும் முகவரியிடுங்கள். முதல்வரும் தவிசாளரும் அரசியல் தலைவர்கள். அவர்களுக்குப் பிரதி போதும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவான உறுப்பினர்கள் எவரும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் சபைகளை நடத்தியவர்கள் இந்த ஆணையாளர்களும் செயலாளர்களும்தான்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். நுளம்பு பற்றி விசாரிக்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சபைப் பகுதிகளில் சபையின் ஊழியர் அல்லர். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். குப்பை சபையின் பொறுப்பு, நுளம்பு சுகாதாரப் பணிமனையின் பொறுப்பு என்று ஒரே வளவு இரண்டு பணிமனைகளுக்குள் பிரிந்துவிடுகிறது. ஒன்றுக்கு மட்டும் எழுதினால் “அது அவர்களின் வேலை” என்ற பதிலை எதிர்பார்க்கலாம். இரண்டுக்கும் எழுதுங்கள். இரண்டு கடிதத்திலும் மற்றதற்குப் பிரதி அனுப்பியதைக் குறிப்பிடுங்கள்.

காணி அரச காணியென்றால் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கோயில் காணியென்றால் முதலில் அறங்காவலரோடு பேசிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

வழக்கறிஞர் ஆக வேண்டியதில்லை. ஆனால் கடிதத்தில் சட்டத்தின் பெயர் ஒன்று இருந்தால், வாசிக்கும் அலுவலர் அதை எந்தக் கோப்பில் போடுவது என்று யோசிக்கத் தேவையில்லை. மூன்று சட்டங்களை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

முதலாவது 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம். விக்ரோரியா மகாராணி காலத்துச் சட்டம் என்று சிரிக்க வேண்டாம். வீதியோரம் உள்ள வீட்டையோ காணியையோ அசுத்தமாக வைத்திருப்பதும், பிறர் உடல்நலத்துக்குக் கேடாகப் பற்றை மண்ட விடுவதும் குற்றம் என்று அது சொல்கிறது. அந்த வீடு குடியிருக்கத் தக்கதோ இல்லையோ, பொறுப்பு ஒன்றுதான். “அங்கே யாரும் இல்லையே” என்ற சாட்டு 1862இலேயே அடைபட்டுவிட்டது.

இரண்டாவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம். நடைமுறையில் அதிகம் வேலை செய்வது இதுதான். திறந்த பேணி, போத்தல், சிரட்டை, பழைய ரயர் என்று தண்ணீர் தேங்கக்கூடிய எதையும் அகற்றுவது வளவுக்காரரின் கடமை. செயற்கைக் குளம், தொட்டி போன்றவற்றை வாரம் ஒருமுறையாவது வெறுமையாக்க வேண்டும். அலங்காரத்துக்கோ உணவுக்கோ அல்லாத பற்றைகளை வெட்ட வேண்டும். ஏன் வாரம் ஒருமுறை? டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் குடம்பி நிலையிலேயே முடிந்துவிடும். அதே நேரம் அதன் முட்டை காய்ந்த நிலையில் பல மாதம் உயிரோடு இருக்கும். பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

“எங்கள் பக்கம் உவர்த்தண்ணீர், நுளம்பு வராது” என்று குருநகர், நாவாந்துறைப் பக்கத்தில் சொல்பவர்கள் உண்டு. இலங்கைக் கரையோரத்தில் ஆய்வு செய்தவர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையில், எறியப்பட்ட போத்தல்கள், கைவிடப்பட்ட வள்ளங்கள், பாவனையற்ற கிணறுகள் ஆகியவற்றில் தேங்கிய உவர்நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகளைக் கண்டதாகக் காட்டியிருக்கிறார்கள். கரையோரத்தில் கிடக்கும் பழைய வள்ளமும் முறையிடத் தக்க பொருள்தான்.

மூன்றாவது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், 98ஆம் பிரிவு. விழும் நிலையில் உள்ள கட்டிடத்தை இடிக்கவோ திருத்தவோ, பொது வழிக்கு அருகே திறந்து கிடக்கும் கிணற்றுக்கு வேலி போடவோ நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வந்து காரணம் காட்ட வேண்டும். நம் ஊரின் பாழ்கிணறுகளுக்காகவே எழுதியது போல இருக்கும். கட்டுக்கட்டாத கிணறு, மேலே கொடி படர்ந்து மூடியிருக்க, பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் இடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படியொன்று இருந்தால் பற்றையைப் பற்றி எழுதும் கடிதத்தில் அதைப் புதைத்துவிடாதீர்கள். தனியாக எழுதுங்கள், பொலிஸ் நிலையத்துக்கும் பிரதி கொடுங்கள்.

இனி குப்பை. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகள், நகர சபைகளுக்கு 118 முதல் 120 வரை, பிரதேச சபைகள் சட்டத்தில் 93 முதல் 95 வரை: இவற்றின்படி வீதியில் சேரும் கழிவை அகற்றுவது சபையின் கடமை, அந்தக் கழிவு சபையின் சொத்து. மதிலுக்கு வெளியே கிடப்பதைச் சபை அள்ள வேண்டும். உள்ளே கிடப்பதை உரிமையாளர் அகற்ற வேண்டும். ஒரே குவியல் மதிலின் இரண்டு பக்கமும் கிடந்தால் கடிதத்திலும் இரண்டாகவே எழுதுங்கள். அள்ளிய பிறகு அது எங்கே போகிறது என்பது வேறு கதை. கல்லுண்டாய் வெளியில் எரியும் குப்பையின் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அது தெரியும்.

சான்று சேர்ப்பது

ஒழுங்கையில் நின்று அல்லது உங்கள் வளவுக்குள் நின்று படம் எடுங்கள். மதில் ஏறிக் குதிக்க வேண்டாம். அத்துமீறல் முறைப்பாடு உங்கள் மேல் வந்துவிடும். ஒரே இடத்தில் நின்று, இரண்டு வார இடைவெளியில், மூன்று தடவை எடுங்கள். ஒரு படம் ஒரு நாளைக் காட்டும். மூன்று படம் கவனிப்பாரற்ற நிலையைக் காட்டும். சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது டெங்கு வந்திருந்தால் வீடும் மாதமும் குறித்துக்கொள்ளுங்கள், பெயரைக் கடிதத்தில் போட வேண்டாம்.

காலமும் முக்கியம். நமக்கு டெங்கு உச்சம் பெறுவது வடகீழ்ப் பருவமழையோடு, கார்த்திகை முதல் தை வரை. அப்போதுதான் எல்லோரும் முறையிடுவார்கள், அப்போது பரிசோதகர்களுக்கு மூச்சுவிட நேரம் இராது. ஆடி, ஆவணியில் கொடுத்த கடிதம் ஐப்பசி மழைக்கு முன் அறிவித்தலாக மாற வாய்ப்பிருக்கிறது.

கடிதம்

அரைப் பக்கம் போதும். முப்பது வருட அயல் பகையை அதில் எழுதாதீர்கள். வேலித் தகராறு, மரக்கிளைத் தகராறு இருந்தால் அதை மத்தியஸ்த சபைக்குக் கொண்டு போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவை அதற்கென்றே இருக்கின்றன. இரண்டையும் கலந்தால், அலுவலர் “இது இரண்டு வீட்டுச் சண்டை” என்று ஒதுக்கிவிடுவார். மாதிரி ஒன்று:

“செயலாளர், … பிரதேச சபை. ஐயா/அம்மணி, … வீதி, … ஒழுங்கையில் உள்ள ஆதன இலக்கம் … கொண்ட காணி நீண்ட காலமாகப் பராமரிப்பின்றிப் பற்றை மண்டிக் கிடக்கிறது. உள்ளே பாவனையற்ற கிணறு ஒன்றும், தண்ணீர் தேங்கும் ரயர்களும் போத்தல்களும் காணப்படுகின்றன. … , … , … ஆகிய திகதிகளில் எடுத்த படங்களை இணைத்துள்ளேன். காணியைப் பராமரிப்பவர் … என அறிகிறேன். அவரது முகவரி …. தொல்லைகள் கட்டளைச் சட்டத்தின் கீழும் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழும் தலத்தைப் பார்வையிட்டு அறிவித்தல் வழங்கி, எடுத்த நடவடிக்கையை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரதி: சுகாதார வைத்திய அதிகாரி, கிராம அலுவலர்.”

கடைசி வேண்டுகோளை, அதாவது எழுத்தில் அறியத் தரும்படி கேட்பதை, விட்டுவிடாதீர்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் சத்தம் போட வேண்டாம், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அயலில் நான்கு வீட்டார் கையெழுத்திட்டால் நல்லது. கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதத்தை நம்ப வேண்டாம்.

பரிசோதகர் வரும் நாள்

அவர் பக்கத்து வளவை மட்டும் பார்த்துவிட்டுப் போவார் என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டையும் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் இருந்தது, நல்ல காலம் குடம்பி இல்லை. இருந்திருந்தால் முறையிட்ட மனிதனுக்கே முதல் எச்சரிக்கை கிடைத்திருக்கும். பூச்சாடித் தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, கூரைப் பீலி, வெட்டிப் போட்ட இளநீர்க் கோம்பை எல்லாவற்றையும் முதலில் பார்த்து வையுங்கள். பாவிக்காத கிணறு உங்களுடையதாக இருந்தால் மூடுங்கள், அல்லது குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடச் சொல்லிக் கேளுங்கள். கிணறு பற்றி இப்போது கூடுதலாகக் கெடுபிடி செய்வதற்குக் காரணம் உண்டு. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் சற்றுப் பிறகே, கிணறுகளில் பெருகும் ஒரு புதிய மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள்.

பரிசோதகருக்கு வளவுக்குள் சென்று பார்க்கும் அதிகாரம் இருக்கிறது. பூட்டிய படலை என்றால் திறப்பு யாரிடம் என்று சொல்லுங்கள். அவர் எழுதும் குறிப்பின் திகதியைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.

அறிவித்தலுக்குப் பிறகு

அறிவித்தலில் ஒரு கால எல்லை இருக்கும். அது முடிந்த மறுநாள் நீங்கள் இன்னொரு படம் எடுத்து, ஒரு வரிக் கடிதத்தோடு கொடுங்கள்: “கால எல்லை முடிந்தும் நிலைமை மாறவில்லை.” மறுபார்வை நடக்காமல் வழக்கு நடக்காது. அந்த மறுபார்வையை அலுவலர் மறந்துவிடுவதற்குத்தான் அதிக வாய்ப்பு.

அதன் பிறகும் அசையாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று இடத்தைப் பொறுத்துப் போகும். பெரும்பாலானோர் அழைப்பாணை கையில் கிடைத்ததும் ஆள் பிடித்து வெட்டிவிடுகிறார்கள். நீதிமன்றத்துக்கு வரும் செலவை விட உழவு இயந்திரத்துக்குக் கொடுக்கும் கூலி குறைவு.

உரிமையாளரை எப்படியும் பிடிக்க முடியாத வளவுகளுக்குச் சபைகள் பத்திரிகையில் பொது அறிவித்தல் போடுவதும், படலையில் பலகை வைப்பதும் வழக்கம். சபையே துப்புரவு செய்து செலவை அறவிடுவது பேச்சில் இலகு, செயலில் ஆளும் இயந்திரமும் வேண்டும். அதற்காகக் காத்திருப்பதை விட, ஆதன வரி நிலுவை இருக்கிறதா என்று சபையைக் கேட்பது பலன் தரும் என்பது என் அனுபவம். வரி நிலுவைக்காக ஆதனத்தில் கைவைக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. “வரி நிலுவை, காணிக்குச் சிக்கல் வரலாம்” என்ற செய்தி பங்காளி ஒருவரின் தொலைபேசிக்குப் போய்ச் சேர்ந்தால், பத்து வருடம் வராத பதில் இரண்டு நாளில் வரும்.

சபை பேசாமல் இருந்தால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல. இப்படிக் கேளுங்கள்: இன்ன திகதிய என் கடிதத்தின் கோப்பு இலக்கம் என்ன? தலம் எப்போது பார்வையிடப்பட்டது? பார்வையிட்ட அறிக்கையின் பிரதி தருக. அறிவித்தல் வழங்கப்பட்டிருந்தால் அதன் பிரதி தருக. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது. பார்வையிட்ட அறிக்கையைக் கேட்ட கடிதம் வந்த வாரத்திலேயே பார்வையிட ஆள் வருவதை நான் கண்டிருக்கிறேன்.

கூடவே, வட்டார உறுப்பினரிடம் கடிதப் பிரதியைக் கொடுத்து மாதாந்தக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள். கூட்ட அறிக்கையில் ஏறினால் அது இன்னொரு கோப்பு. மாகாணத்தின் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு எழுதுவதைக் கடைசியாக வைத்திருங்கள்.

வெட்டும் நாளில் கவனிக்க வேண்டியவை

தீ வைக்க விடாதீர்கள். கிடுகு வேலியும் காய்ந்த பனையோலையும் உள்ள ஒழுங்கையில் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீண்ட காலம் ஆள் புழங்காத வளவுகளிலும் பழைய கிணறுகளிலும் போர்க்கால வெடிபொருட்கள் இன்னும் அகப்படுகின்றன. சந்தேகமான எதையாவது கண்டால் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு விலகி, 119க்கு அழையுங்கள். தூக்கி ஓரமாக வைக்கும் துணிச்சல் வேண்டாம்.

உழவு இயந்திரக்காரர் அவசரத்தில் எல்லாவற்றையும் சாய்ப்பார். பலாவும் பெண் பனையும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை; பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி வெட்ட முடியாது. இடிந்த வீட்டின் கல், மண், ஓட்டுத் துண்டுகளை வழமையான குப்பை வண்டி எடுக்காது. கட்டணத்துக்கு ஏற்றுவார்களா என்று சபையில் முன்கூட்டியே கேளுங்கள், இல்லாவிட்டால் அது அடுத்த ஒழுங்கையின் மூலையில் போய்க் கொட்டப்படும்.

உரிமையாளரோடு பேசும்போது

“நானே வெட்டிவிடுகிறேன் அண்ணை, நீங்கள் கூலியை மட்டும் அனுப்புங்கள்” என்று வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் ஒரு மௌனம் விழும். அது கூலிக்கான மௌனம் அல்ல. 1871ஆம் ஆண்டின் ஆட்சிக்காலக் கட்டளைச் சட்டப்படி பத்து வருடம் தடையின்றி எதிராட்சி செய்தவர், அதாவது உரிமையாளரின் உரிமையை ஏற்காமல் காணியை வைத்திருந்தவர், அதற்கு உரிமை கோரலாம் என்பது யாழ்ப்பாணத்தில் ஒவ்வொருவருக்கும் தெரியும். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு 2016இல் தனிச் சட்டம் ஒன்று வந்து ஓரளவு பாதுகாப்புக் கொடுத்தது. ஆனாலும் பயம் போகவில்லை. ஆகவே நீங்களாகவே எழுதிக் கொடுங்கள்: உரிமையாளரின் அனுமதியோடு, துப்புரவுக்காக மட்டும், இன்ன திகதியில் உள்ளே போகிறேன், காணியில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. இரண்டு சாட்சி கையெழுத்து. அந்த ஒரு தாள் பல வருடப் பூட்டைத் திறந்திருக்கிறது.

எங்கள் பின்வளவுக்காரரும் அப்படித்தான் இணங்கினார். வெட்டி முடிந்ததும் அவருடைய மருமகள் ஒருத்தி அதைப் பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். இப்போது அங்கே மரவள்ளியும் மிளகாயும் நிற்கின்றன. கிணற்றுக்குக் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். ஒழுங்கைப் பக்க மதிலோரம் மட்டும் இரவில் யாரோ இன்னும் ஒரு பை வைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்கான கடிதத்தைப் போன கிழமை கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.